ஈமாக்ஸ் ஆர்க் மோடில் எல்லாம் சரியாக இருந்தும் சில கெடு தேதிகள் அஜெண்டாவில் வருவதில்லை. இதை விட்டுவிட்டு வேறு செயலிக்குப் போய்விடலாமா?

விட்டுவிடாதீர்கள். குறைந்தபட்சம் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரையாவது பொறுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: ஈமாக்ஸ் ஓர் உரைத் திருத்தி, ஆர்க் மோட் அதற்குள் குறிப்புகளையும் வேலைகளையும் எழுதி வைக்கும் வசதி, அஜெண்டா அந்த வேலைகளைத் தேதிவாரியாகக் காட்டும் பட்டியல், இனிட் கோப்பு ஈமாக்ஸ் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு.

"கோப்பில் கெடு தேதி கண்ணெதிரே இருக்கிறது, அஜெண்டாவில் மட்டும் இல்லை. இனிட் கோப்பில் கோப்புறையின் பெயரைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன். எதை மாற்றினாலும் பலனில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே நிலையில்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்களும் என்னைப்போலத் தனியாக வேலை செய்பவர், ஒரே நேரத்தில் ஐந்தாறு வேலைகளைக் கையில் வைத்திருப்பவர், நிரல் எழுதுவது தொழில் அல்ல என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மொழிபெயர்ப்பாளன். வேலைக்கு ஒரு கோப்பு என்பது என் வழக்கம். எல்லாக் கோப்புகளும் ஒரே கோப்புறையில் இருக்கும். அஜெண்டா எந்தக் கோப்புகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் மாறிக்கு (ஒரு மதிப்பைச் சேமித்து வைக்கும் இடம்) ஆர்க்-அஜெண்டா-ஃபைல்ஸ் என்று பெயர். அதில் தனித்தனிக் கோப்புகளையும் கொடுக்கலாம், கோப்புறையையும் கொடுக்கலாம். கோப்புறையைக் கொடுத்தால் அதிலுள்ள ஆர்க் கோப்புகள் எல்லாம் தாமாகவே அஜெண்டாவுக்கு வந்துவிடும். நான் கோப்புறையைத்தான் கொடுத்திருந்தேன். புது வேலை வந்தால் புதுக் கோப்பு, அதில் ஒரு தலைப்பு, அதற்குக் கீழே கெடு. அவ்வளவுதான் என் முறை. நான்கு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் அந்தக் கோப்புறைக்கு வெளியே இருந்த ஒரு கோப்பையும் அஜெண்டாவில் சேர்க்க வேண்டியிருந்தது. கோப்பைத் திறந்துகொண்டு, கையேடு சொன்னபடியே கன்ட்ரோல் சி, பிறகு இடப்பக்கச் சதுர அடைப்புக்குறி என்ற விசைகளை அழுத்தினேன். திறந்திருக்கும் கோப்பை அஜெண்டாப் பட்டியலில் சேர்க்கும் கட்டளை அது. சேர்ந்தது. அஜெண்டாவைத் திறந்து பார்த்தேன், புதியதும் வந்தது, பழையவையும் எல்லாம் இருந்தன. அதோடு அதை மறந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு புது வேலை வந்தது. வழக்கம்போலக் கோப்புறையில் புதுக் கோப்பு தொடங்கினேன், கெடுவைக் குறித்தேன். பதினான்கு நாள் முன்பிருந்தே கெடுவை நினைவூட்டுவது ஆர்க் மோடின் இயல்பு. நான் அதை மாற்றியதில்லை. தினமும் காலையில் அஜெண்டாவைப் பார்ப்பேன், அதில் இல்லாத வேலையைப் பற்றி யோசிக்கவே மாட்டேன். தலையில் சுமக்க வேண்டாம் என்றுதானே எழுதி வைக்கிறோம்? கெடு முடிந்த மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. நாற்பது பக்கத்தில் ஒரு பக்கம்கூட நான் தொடங்கியிருக்கவில்லை. அந்த அழைப்பில் என்ன பேசினேன் என்று இன்றும் என்னால் கோவையாகச் சொல்ல முடியாது.

அன்று இரவே காரணத்தைத் தேட ஆரம்பித்தேன். தவறான இடங்களில்தான் தேடினேன். முதலில் தேதியின் மேல் சந்தேகம். என் கணினி தமிழில் இயங்குவதால் தேதிக்குப் பக்கத்தில் கிழமையின் பெயர் தமிழில் விழும். அதனால்தான் புரியவில்லையோ என்று எல்லாத் தேதியையும் மாற்றினேன். ஆர்க் மோட் படிப்பது எண்களைத்தான், கிழமை எந்த மொழியில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை என்பது பிறகு தெரிந்தது. அடுத்து, யாரோ ஒருவர் தாராள மனத்தோடு பொதுவில் வைத்திருந்த முந்நூறு வரி அமைப்பை அப்படியே என் இனிட் கோப்பில் ஒட்டினேன். ஒரு வரிகூடப் புரியாமல் ஒட்டினேன். விசைகள் எல்லாம் இடம் மாறின, கோளாறு மட்டும் அப்படியே இருந்தது. கடைசியாக, பழைய பதிப்பின் குற்றமாக இருக்கும் என்று ஆர்க் மோடின் புதுப் பதிப்பை நிறுவினேன்.

அதுதான் பெரிய தப்பு. ஈமாக்ஸோடு கூடவே ஓர் ஆர்க் மோட் வருகிறது. அது ஏற்கெனவே நினைவகத்தில் ஏறியிருக்கும்போது இன்னொரு பதிப்பை நிறுவினால் பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கலந்துவிடும். பிறகு எந்தக் கட்டளையை அழுத்தினாலும் புரியாத பிழைச் செய்தி வரும். ஆர்க்-வெர்ஷன் என்ற கட்டளையைக் கொடுத்தால் 'மிக்ஸ்டு இன்ஸ்டலேஷன்' என்று அதுவே காட்டிக்கொடுக்கும். எனக்குக் காட்டியது. புதுப் பதிப்பை அழித்துவிட்டு, ஆர்க் கோப்பு எதையும் திறக்காத ஈமாக்ஸில் மறுபடி நிறுவிய பிறகுதான் சரியானது. ஒரு கோளாறோடு உட்கார்ந்தவன் மூன்று கோளாறுகளோடு எழுந்தேன். இரண்டு நாள் போயிற்று. அந்த நாற்பது பக்கத்தையும் அந்த இரண்டு நாளில்தான் பாதிக்குமேல் முடித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஒட்டியதையெல்லாம் நீக்கிவிட்டு, நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஈமாக்ஸை 'மைனஸ் க்யூ' சேர்த்துத் தொடங்கினால் நம்முடைய இனிட் கோப்பைப் படிக்காமல் வெறும் மேனியாகத் திறக்கும். க்யூ பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். அப்படித் திறந்து, தொல்லை கொடுத்த கோப்பைக் கொண்டுவந்து, அஜெண்டாக் கட்டளையைக் கொடுத்தேன். வரும் பட்டியலில் 'இதைவிடச் சிறியது' என்ற கோணக்குறியை அழுத்தினால் திறந்திருக்கும் கோப்பை மட்டும் பார்க்கும். பிறகு ஏ என்ற எழுத்தை அழுத்தினேன். கெடு வந்து நின்றது, சிவப்பில், மூன்று நாள் தாமதம் என்ற குறிப்போடு. ஆகவே கோப்பில் குற்றமில்லை, தேதியில் குற்றமில்லை, ஆர்க் மோடிலும் இல்லை. அஜெண்டா அந்தக் கோப்பைப் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை.

மறுபடி வழக்கமான ஈமாக்ஸுக்கு வந்து, கன்ட்ரோல் எச், பிறகு வி அழுத்தி, ஆர்க்-அஜெண்டா-ஃபைல்ஸ் என்று கொடுத்தேன். ஒரு மாறியில் இந்த நிமிடம் என்ன இருக்கிறது என்று காட்டும் கட்டளை அது. நான் எதிர்பார்த்தது ஒரு கோப்புறையின் பெயரை. வந்தது பதினேழு கோப்புகளின் பெயர், ஒன்றன் கீழ் ஒன்றாக. வெளியிலிருந்து சேர்த்த கோப்பு முதலில் இருந்தது. அதற்குக் கீழே, அன்றைக்குக் கோப்புறையில் இருந்த பதினாறும் வரிசையாக இருந்தன. புதுக் கோப்பு இல்லை.

இனிட் கோப்பின் அடிமட்டத்துக்குப் போனேன். அங்கே நான் எழுதாத ஒரு பகுதி இருந்தது. இதைக் கஸ்டம் (ஈமாக்ஸ் தானாக அமைப்புகளை எழுதி வைக்கும் வசதி) சேர்த்தது, கையால் திருத்தினால் குளறுபடி ஆகலாம், கவனம் என்று அதன் தலைமாட்டில் எழுதியிருந்தது. அதற்குள் அதே பதினேழு பெயர்கள். வெளிக் கோப்பைச் சேர்க்க நான் அந்த விசைகளை அழுத்திய கணத்தில், நான் வைத்திருந்த பதிப்பு என் கோப்புறையை விரித்து, அப்போதிருந்த கோப்புகளைத் தனித்தனிப் பெயர்களாக்கி, அங்கே எழுதி வைத்திருக்கிறது. மேலே என் கையால் எழுதிய வரி அப்படியே இருக்கிறது. அதைப் படித்த ஈமாக்ஸ், கீழே வந்ததும் அதை மாற்றிக்கொள்கிறது. மேல் வரியை நான் நூறு முறை திருத்தினாலும் பலன் இருக்காது. "எதை மாற்றினாலும் பலனில்லை" என்ற உங்கள் வரியைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இதனால்தான்.

திருத்தம் ஐந்து நிமிட வேலை. கீழே இருந்த பட்டியலை அழித்தேன். மேலே என் வரியில் கோப்புறையையும், அந்த வெளிக் கோப்பின் முழுப் பாதையையும் சேர்த்து எழுதினேன். கஸ்டம்-ஃபைல் என்ற மாறியை வைத்து, ஈமாக்ஸ் தானாக எழுதுவதையெல்லாம் வேறொரு கோப்புக்கு அனுப்பினேன். அந்தக் கோப்பை இனிட்டின் தொடக்கத்திலேயே ஏற்றிவிட வேண்டும். அப்போதுதான் பின்னால் வரும் நம் சொல் நிற்கும். சேர்க்கும் விசை, அதன் ஜோடியான நீக்கும் விசை இரண்டையும் ஆர்க் மோடில் செயலிழக்கச் செய்துவிட்டேன். கோப்புறையைக் கொடுத்து வைத்திருப்பவர்கள் பலரும் அப்படிச் செய்வதைப் பின்னால் பார்த்தேன்.

"கையேட்டைப் படித்திருந்தால் தெரிந்திருக்குமே" என்று யாரேனும் கேட்பார்கள். கையேட்டைப் படித்துத்தான் அந்த விசையை அழுத்தினேன். விம் என்ற இன்னோர் உரைத் திருத்தியைக் காட்டி, "விம்முக்கு வாருங்கள்" என்பவர்களும் உண்டு. வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கு என் கைப்பழக்கம் இங்கே. "தேதி வைக்க ஒரு சாதாரணச் செயலி போதாதா" என்ற கேள்விக்கு மட்டும் அழுத்தமாகவே பதில் சொல்கிறேன். கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் தன் குறிப்புகளை ஒழுங்குபடுத்த 2003இல் ஆர்க் மோடை எழுத ஆரம்பித்தார். 2007இல் வந்த ஈமாக்ஸ் 22 முதல் அது ஈமாக்ஸோடே வருகிறது. அன்று எழுதிய கோப்பை இன்று எந்த உரைத் திருத்தியில் திறந்தாலும் படிக்கலாம். என் கோளாறையும் அதனால்தான் என்னால் கண்டுபிடிக்க முடிந்தது. எல்லாமே என் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக இருந்தது. ஒரு மூடிய செயலியில் இதே கோளாறு வந்திருந்தால் நான் யாருக்கோ மின்னஞ்சல் எழுதிவிட்டுக் காத்திருப்பேன்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனத்தில் இருக்கிறது. அந்த வேலையை நான்கு நாள் தாமதமாகக் கொடுத்தேன். என் தவறு, மன்னிப்பும் கேட்டேன், கட்டணத்தில் குறைத்துக்கொள்ளவும் சம்மதித்தேன். ஆனால் கெடு தவறிய மறுநாள் காலையிலேயே அழைத்தவர்கள், குறைத்த அந்தத் தொகையைத் தருவதற்கு ஏழு மாதம் எடுத்துக்கொண்டார்கள். நான்கு முறை கேட்டு எழுதினேன். "பரிசீலனையில் இருக்கிறது" என்று இரண்டு முறை பதில் வந்தது, மற்ற இரண்டுக்கு அதுவும் இல்லை. வேலையை ஒப்படைக்கும் நாளைத் தடித்த எழுத்தில் போடும் ஒப்பந்தத்தில் பணம் தரும் நாளுக்கு ஒரு வரி இல்லை. தனியாகத் தொழில் செய்யும் எல்லாருக்கும் இது நடக்கிறது, யாரும் வாய் திறப்பதில்லை. அன்றிலிருந்து, வர வேண்டிய பணத்துக்கும் ஒரு தலைப்பு போட்டு, தேதி வைத்து, வாரந்தோறும் திரும்பி வரும்படி குறித்துவைக்கிறேன். தேதியின் பின்னால் கூட்டல் குறியோடு ஒன்று என்று எழுதி, ஆங்கிலத்தில் வாரத்தைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்தால் போதும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கோளாறு என்னுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கெடு வரி, தலைப்பு வரிக்கு நேர் அடுத்த வரியில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு வெற்று வரி இருந்தாலும் அது கெடுவாகக் கணக்கில் வராது. ஆர்க்-லின்ட் என்ற கட்டளை இதைச் சுட்டிக்காட்டும். வெறும் தேதியை மட்டும் எழுதுகிறீர்கள் என்றால் கோண அடைப்பில் இருக்கட்டும். சதுர அடைப்பில் எழுதிய தேதி அஜெண்டாவுக்கு வராது. கோப்புறைக்குள் இன்னொரு கோப்புறை வைத்திருக்கிறீர்களா? உள்ளே இருப்பதை அஜெண்டா எட்டிப் பார்க்காது, அதையும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

'செய்ய', 'காத்திருப்பு', 'முடிந்தது' என்று நிலைச் சொற்களைத் தமிழில் வைத்தும் மாறவில்லை என்று சொன்னீர்கள். அது வேறு சங்கதி. அந்தச் சொற்களை இனிட் கோப்பில் மாற்றினால், ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்பு அதை அறியாது. அந்தக் கோப்பில் ஆர்க்-மோட்-ரீஸ்டார்ட் கொடுங்கள். கோப்பின் தலையிலேயே எழுதியிருந்தால் அந்த வரியில் நின்று கன்ட்ரோல் சி இரண்டு முறை. முடிந்த நிலைகளுக்கு முன்னால் ஒரு நெட்டுக்கோடு போட மறக்காதீர்கள். கோடு இல்லாவிட்டால் கடைசிச் சொல்லை மட்டுமே முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். நான் 'கைவிட்டது' என்பதைக் கடைசியில் சேர்த்தபோது, 'முடிந்தது' என்று குறித்த வேலைகள் எல்லாம் மறுபடி அஜெண்டாவில் வந்து நின்றன.

இன்று புதிதாக எதையும் நிறுவாதீர்கள், யாருடைய அமைப்பையும் ஒட்டாதீர்கள், என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கன்ட்ரோல் எச், வி கொடுத்து, ஆர்க்-அஜெண்டா-ஃபைல்ஸில் என்ன வருகிறது என்பதை அப்படியே உங்கள் கேள்வியில் சேருங்கள். கோப்புப் பெயர்களில் தனிப்பட்டது ஏதேனும் இருந்தால் மறைத்துவிடுங்கள். ஆர்க்-வெர்ஷன் காட்டும் வரியையும் போடுங்கள். இன்றிரவு வேலை முடிந்ததும் வந்து பார்க்கிறேன்.