இரண்டு நல்லதா, எட்டு மலிவானதா? புதியவர்களுக்கு ஏர் பிஸ்டல்

கேள்வி: எங்கள் கிளப்பில் 12 முதல் 16 வயது வரை எட்டுப் பிள்ளைகள் 10 மீட்டர் பிஸ்டல் பழகச் சேர்ந்திருக்கிறார்கள். இருக்கிற பணத்துக்குப் போட்டிக்கென்றே செய்த மேட்ச் பிஸ்டல் இரண்டு வாங்கலாம். இல்லையென்றால் மலிவான ஸ்பிரிங் பிஸ்டல் எட்டு வாங்கி ஆளுக்கொன்று கொடுக்கலாம். எது சரி?

பதில்: இரண்டே வாங்குங்கள். சாதாரண ஸ்பிரிங் பிஸ்டலில் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) குழாயை விட்டு வெளியேறும் முன்பே, வில் தள்ளும் பிஸ்டன் பாய்ந்து துப்பாக்கியை உதறிவிடும். பெல்லட் இலக்கின் நடுவான பத்தை விட்டு ஆறாம் வளையத்தில் விழுந்தால் அது விரல் செய்த பிழையா, துப்பாக்கியின் உதறலா என்று கோச்சாலேயே சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய குறை, அதில் டிரை ஃபயர், அதாவது பெல்லட் இல்லாமல் ட்ரிகரை (விசையை) மட்டும் இழுத்து, பழக முடியாது. பெல்லட் போடாமல் சுட்டால் பிஸ்டன் மோதி சீல் கெட்டுவிடும். காற்றுச் சிலிண்டர் வைத்த மேட்ச் பிஸ்டல்களில் பெரும்பாலும் டிரை ஃபயருக்கென்றே தனி அமைப்பு உண்டு. முதல் சில வாரம் வெள்ளைச் சுவரைப் பார்த்து அதில்தான் பழக வேண்டும். ஐந்து நிமிடம் ஒற்றைக் கையை நீட்டினாலே புதியவரின் தோள் கடுக்கும். ஆகவே மாற்றி மாற்றிப் பிடிக்க இரண்டு போதும்.

ஸ்டேயர், வால்தர், மோரினி, பார்தினி, ஃபைன்வெர்க்பாவ் என்று எதை எடுத்தாலும் புதியவரின் கையைவிடத் துல்லியமாகவே சுடும். பார்க்க வேண்டியது கிரிப், அதாவது கைப்பிடி. ஒன்றுக்கு ஸ்மால், இன்னொன்றுக்கு மீடியம் வாங்குங்கள். இடக்கைப் பிள்ளை இருந்தால் இடக்கை கிரிப் தனியாக ஒன்று. பெரிய கிரிப்பைச் சின்னக் கை பிடித்தால் விரல் ட்ரிகருக்கு எட்டாமல் அதைப் பக்கவாட்டில் தள்ளும், பெல்லட்டும் பக்கவாட்டில் விலகும். பொருத்தம் பார்க்க, கண்ணை மூடிக் கையை நீட்டச் சொல்லித் திறக்கச் சொல்லுங்கள். குறி பார்க்கும் முன் சைட், பின் சைட்டின் பிளவுக்கு நடுவில் நிற்க வேண்டும்.

எடையில் போட்டி விதியின் உச்சவரம்பு 1500 கிராம். பல மாடல்கள் ஒரு கிலோவை ஒட்டியவை. 12 வயதுக்கு அதுவும் பாரம்தான். இரண்டில் ஒன்றாவது குட்டைக் குழாய் வைத்த காம்பாக்ட் மாடலாக இருக்கட்டும்.

கேள்வி: பழைய மேட்ச் பிஸ்டல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: முதலில் காற்றுச் சிலிண்டரில் பொறித்த தேதி. தயாரிப்பாளர்கள் வழக்கமாகப் பத்து வருடம்தான் ஆயுள் தருகிறார்கள். காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போக முடியாது. புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். அடுத்து, அதில் குறித்த அழுத்தம் வரை, பெரும்பாலும் 200 பார், நிரப்பி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் அழுத்தமானியின் முள் இறங்கியிருந்தால் எங்கோ சீல் கசிகிறது. நிரப்ப உலர்ந்த காற்று மட்டுமே. ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள். எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் வெடிக்கும்.

ட்ரிகரைச் சோதிக்க, போட்டியில் வைப்பது போன்ற 500 கிராம் எடைக்கல் வேண்டும். பெல்லட் இல்லாமல் காக் செய்து (சுடத் தயார் நிலைக்குக் கொண்டுவந்து), குழாயை நேர் மேலே நிறுத்தி, கல்லை ட்ரிகரில் மாட்டி மேசையிலிருந்து தூக்குங்கள். விடுபடாமல் தாங்கினால் தேறியது. விடுபட்டால் ஸ்குரூவைத் திருகிச் சரி செய்யலாம். திருகியும் ஒரு தடவை தாங்கி மறுதடவை விடுகிறதென்றால் சியர் (ட்ரிகரை இழுக்கும் வரை பிடித்து நிறுத்தும் கொக்கி) தேய்ந்திருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடைசியாக, குழாயைத் தாங்கியில் வைத்துத் தட்டைமூக்கு பெல்லட் பத்து சுடுங்கள். 11.5 மில்லிமீட்டர் அகலமுள்ள பத்தாம் வளையத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் பெல்லட் பிராண்டை மாற்றிப் பார்த்த பிறகே குழாயைக் குறை சொல்லுங்கள்.

கேள்வி: இதற்கு உரிமம் வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்தியாவின் 2016 ஆயுத விதிகளின்படி, குழாயின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. மேட்ச் பிஸ்டலின் ஆற்றல் இதில் பாதியைக்கூடத் தொடாது. பில்லின் நகலைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். பார்ப்பவர்களுக்கு எல்லாம் துப்பாக்கிதான்.