எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் 5 கியர் பெட்டி மாற்றிப் போடலாமா?

தாராளமாக. 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபிக்கு 4 கியர்தான். 1967 வரையிலான வண்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷும் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. பலர் பொருத்துவது ஃபோர்டு சியரா காரின் 5 கியர் டைப் 9 பெட்டி. ஆனால் பெட்டி மட்டும் போதாது: பெல் ஹவுசிங் (பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் உறை), கிளட்ச் தட்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட் (பின்சக்கரங்களை நோக்கிச் சுழற்சியைக் கடத்தும் தண்டு), ஸ்பீடோமீட்டர் கேபிள் எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டும்.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தேதான் தூக்குவார்கள். அப்போதே கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். இன்னொரு தடவை இறக்க யாருக்குப் பொறுமை?

நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறுவது மட்டும்தான் குறையென்றால், எம்ஜிபிக்கே அந்தக் காலத்தில் வந்த ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் அமைப்பு) பெட்டியே என் தேர்வு. டைப் 9-இன் ஐந்தாம் கியர் விகிதமும் சுமார் 0.82 (ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் 0.82 சுற்றுதான்), பிற்கால ஓவர்டிரைவும் அதேதான். வண்டியின் அசல்தன்மையும் போகாது.