ஹான் சீனம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டைய சீனாவை ஒன்றாகப் பிடித்து வைத்தது எது? கன்பூசியஸின் போதனையும் பொது எழுத்தும் என்கிறார்கள். முதல் பேரரசரின் வாள்தான் என்று எனக்குப் படுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாள் சேர்த்ததுதான். கி.மு. 221இல் போட்டி நாடுகள் ஆறையும் விழுங்கி முடித்த, முதல் பேரரசரின் சின் அரசு அடுத்த பதினைந்து ஆண்டுக்குள் விழுந்துவிட்டது. கன்பூசியமோ அரசின் கொள்கையாகப் பிந்தித்தான் வந்தது, சின்னுக்கு அடுத்து வந்த ஹான் அரசின் காலத்தில். கி.மு. 124இல் ஹான் பேரரசர் வூ தலைநகரில் அமைத்த கல்விச்சாலையில் மாணவர்கள் 50 பேர்தான்.

என் பார்வையில் பசையாக இருந்தது கணக்கு எழுதும் நிர்வாகம். ஷுய்ஹுதி என்ற இடத்தில் 1975இல் கிடைத்த சின் காலத்து மூங்கில் பட்டைகளில் எடைக்கற்களுக்கான சட்டம் இருக்கிறது. 120 ஜின் (அக்கால எடை அளவு; மொத்தம் சுமார் 30 கிலோ) கல்லில் ஒரு ஜின்னோ அதற்கு மேலோ பிசகினால் பொறுப்பாளருக்கு ஒரு போர்க்கவசம் அபராதம். அரை ஜின்னிலிருந்து ஒரு ஜின்னுக்குள் என்றால் ஒரு கேடயம்.

ஹான் அரசு இந்த இயந்திரத்தைத் தூக்கி எறியவில்லை. யின்வான் என்ற இடத்தில் 1993இல் ஒரு கல்லறையைத் தோண்டியபோது தோங்ஹாய் என்ற ஜுன்னின் (மாவட்டம் போன்றது, ஆனால் பெரியது) கணக்கு கிடைத்தது. காலம் ஏறத்தாழ கி.மு. 10. குடும்பங்கள் 2,66,290, மக்கள் 13,97,343, அலுவலர்கள் 2,203. ஏறக்குறைய 630 பேருக்கு ஓர் அலுவலர்! தொண்ணூறு வயது தாண்டியவர்கள் 11,670 பேராம். தலைநகரை மகிழ்விக்க யாரோ கை வைத்த கணக்கு என்றே நினைக்கிறேன்.

அதே கல்லறையில் உயரதிகாரிகளின் சொந்த ஊர்ப் பட்டியலும் உண்டு. அத்தனை பேரும் வெளியூர்க்காரர்கள். கீழ்நிலை எழுத்தர்கள் உள்ளூர்க்காரர்கள். இந்தக் கலவைதான் சூட்சுமம். வெளியூர் அதிகாரிக்கு அங்கே உறவோ நிலமோ கிடையாது, கலகத்துக்கு ஆள் திரட்ட முடியாது. எழுத்தர் இல்லாமல் அவரால் வரியும் வசூலிக்க முடியாது. அதனால் உள்ளூர்ப் பெரிய குடும்பங்களுக்கும் ஆட்சியில் கை இருந்தது. மேலே போகவும் வழி இருந்தது: கி.மு. 134இலிருந்து ஒவ்வொரு ஜுன்னும் ஆண்டுக்கு இருவரை அரசுப் பதவிக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

பிறகு அந்த வழியே பழுதானது. பரிந்துரைக்கப்பட்டவன் பேரரசரைவிடப் பரிந்துரைத்தவருக்கே கடன்பட்டான். அவர் பிள்ளையை இவன் பரிந்துரைத்தான். சில குடும்பங்களே பதவிகளைச் சுற்றிவர, கி.பி. 188இல் பெரும் பிரதேசங்களின் ஆளுநர்களுக்குப் படை அதிகாரமும் கொடுக்கப்பட்டது. 220இல் ஹான் முடிந்தது.