சால்சா நடனம் பழகுகிறோம். சுற்றும்போது இருவருமே தள்ளாடுகிறோம், கையும் தோளும் வலிக்கிறது. ஏன்?

வீட்டில் காணொளி பார்த்து மனைவியோடு பழகுவதாகவும், மாலையில் அரியமான் கடற்கரைக்குப் போய் ஆடிப் பார்ப்பதாகவும், அடிவைப்பு பிடிபட்டும் சுற்று மட்டும் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருவருமே தன் காலில் நிற்காமல் மற்றவர் கையில் நிற்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. கைவலிக்கும் அதுதான் காரணம்.

முதலில் ஆளுக்கொரு பக்கம் தனியாக ஆடுங்கள். சால்சா எட்டு எண்ணிக்கை. நான்கிலும் எட்டிலும் அடி கிடையாது. புதிதாக ஆடுபவர்கள் பாதத்தை வைத்துவிடுவார்கள், உடம்பின் எடை பழைய காலிலேயே தங்கிவிடும். எடை மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அது புதிய பாதத்துக்கு மேல் வந்தால்தான் அந்த அடி முடிந்தது என்று கணக்கு. ஒவ்வொரு அடியிலும் அப்படியே நின்று மற்றக் காலைத் தூக்கிப் பாருங்கள். தள்ளாடாமல் தூக்க முடிந்தால் சரி. முழங்காலை விறைக்க வேண்டாம். கடலில் வத்தைப் படகில் நிற்பவர்களைப் பாருங்கள், முழங்காலைத் தளர்த்தித்தான் நிற்பார்கள்.

அப்புறம் கை. 1994இல் ஜெகா, லாக்னர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. விரல் நுனியால் அசையாத ஒரு பொருளை ஒரு நியூட்டனுக்கும் குறைவான விசையில், அதாவது 100 கிராம் எடை கூட இல்லாத அளவுக்குத் தொட்டு நின்றாலே உடம்பின் ஆட்டம் குறைகிறது. தாங்குவதற்குப் போதாத விசை அது. தொடுகை தரும் தகவலை வைத்தே உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. உங்கள் துணை அசையும் ஆள், சுவர் இல்லை. ஆனாலும் கையை எதற்குப் பிடிக்கிறோம் என்பது இதில் விளங்கும். கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்காதீர்கள், விரல்களைக் கொக்கி மாதிரி வைத்தால் போதும்.

முழங்கை விலாவுக்குப் பின்னால் போகக் கூடாது. தோள்பட்டை கீழே இறங்கி இருக்கட்டும். நெஞ்சு திரும்பினால் கை தானாகத் திரும்ப வேண்டும். கை மட்டும் இழுத்தால் அது லீட் இல்லை, அதாவது துணையை வழிநடத்துவது இல்லை, இழுபறி. உங்கள் மனைவியும் நீங்கள் தரும் அழுத்தத்துக்குச் சமமாகத் திருப்பித் தர வேண்டும். கை தொளதொளவென்று இருந்தால் சேதி வழியிலேயே தொலைந்துபோகும். உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து, அவர் கண்ணை மூடிக்கொள்ள, நீங்கள் முன்னும் பின்னும் நடந்து பாருங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். என்னைக் கேட்டால் எந்தக் காணொளியையும்விட இது பலன் தரும்.

சுற்றில் உங்கள் வேலை கொஞ்சம்தான். கையை அவர் உச்சந்தலைக்கு நேர் மேலே வைத்து, திசையையும் நேரத்தையும் காட்டுங்கள். சுற்றுவது அவர், தன் முன்பாதத்தில். உங்கள் கை தலையை விட்டு விலகினால் அவர் சாய்வார், உங்களையும் சேர்த்துச் சாய்ப்பார்.

அரியமானில் மட்டும் சுற்ற வேண்டாம். உலர்ந்த மணலில் பாதம் புதைந்து நின்றுவிடும், முறுக்கு முழுக்க முழங்காலுக்குப் போகும். அலையோர ஈரமணலில் சாதாரண அடிகளை ஆடிக்கொள்ளலாம். மொட்டை மாடியும் சரிப்படாது. தட்டோடு பதித்த தரை சொரசொரப்பு, ஆடிக் காற்று வேறு. வீட்டு ஹாலில், வழவழப்பான அடி உள்ள செருப்போடு பழகுங்கள். ரப்பர் அடி தரையைக் கவ்விக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்ப்பார்களே என்ற கவலையும் அங்கே இல்லை.