ரூட் ஆன பிறகும் 'கட்டளை இல்லை'யா?

கே: டெபியன் லினக்ஸ் நிறுவி ஒரு வாரம் ஆகிறது. புதுப் பயனரைச் சேர்க்க 'ஆட்யூசர்' என்று அடித்தால், 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்கிறது. 'சு' போட்டு ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக, மாறினேன். அப்போதும் அதே பதில். நிர்வாகியிடமே பொய் சொல்லுமா கணினி?

பொய் இல்லை. சரியான இடத்தில் தேடவில்லை, அவ்வளவுதான். நீங்கள் கட்டளை அடித்ததும், அதை வாங்கி ஓட்டும் நிரலான ஷெல் வட்டு முழுவதையும் துழாவுவதில்லை. 'பாத்' பட்டியலில் உள்ள அடைவுகளை மட்டும் வரிசையாகப் பார்க்கும். ஆட்யூசர் குடியிருப்பது 'எஸ்பின்' அடைவில். டெபியனில் சாதாரணப் பயனரின் பட்டியலில் எஸ்பின் கிடையாது. வெறும் 'சு' உங்களுக்கு ரூட் அதிகாரத்தைத் தருமே தவிர, பட்டியலை மாற்றாது. 2019இல் வந்த டெபியன் 10 முதல் இப்படித்தான். அதற்கு முந்தைய பழக்கத்தில் இருந்த நானும் அன்று ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தேன். 'சு'வுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடு போடுங்கள்; ரூட்டின் பட்டியலும் வந்துவிடும்.

எஸ்பினை மறைத்து வைப்பது பாதுகாப்புக்காக என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். முழு முகவரியோடு அழைத்தால் அந்தக் கட்டளைகளில் பெரும்பாலானவை எந்தப் பயனருக்கும் ஓடும். உங்கள் சொந்தக் கோப்பு ஒன்றுக்குள் கோப்பு முறைமையை உருவாக்க 'எம்கேஎஃப்எஸ்' கட்டளைக்கு ரூட் தேவையே இல்லை. அதையே நிஜ வட்டின் மேல் ஏவினால்தான் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் கையைப் பிடித்துத் தடுக்கும். காவல் இருப்பது வட்டின் வாசலில். கட்டளையின் வாசலில் அல்ல. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸைத் தயாரிப்பவர்கள் 2025இல், 42ஆம் பதிப்பில், எஸ்பினை 'பின்' அடைவோடு ஒன்றாக்கியேவிட்டார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம்.

கே: உபுண்டு லினக்ஸில், ரூட் அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டும் 'சூடோ' சில சமயம் கடவுச்சொல் கேட்கிறது, சில சமயம் கேட்பதில்லை. கேட்கவே கூடாது என்று மாற்றிவிடலாமா?

ஒரு முறை சரியாகச் சொன்னால் உபுண்டு அந்த டெர்மினலில் 15 நிமிடம் நினைவில் வைத்திருக்கும். சூடோவை எழுதியவர்கள் வைத்த அளவு 5 நிமிடம்தான். கடவுச்சொல்லே வேண்டாம் என்று மாற்றலாம். ஆனால் உங்கள் பெயரில் ஓடும் எந்தக் கண்ட நிரலும் அதன்பின் கேள்வி இல்லாமல் ரூட் ஆகிவிடும். நேரத்தை மட்டும் நீட்டிக்கொள்ளுங்களேன்.

எதைச் செய்தாலும் 'விசூடோ' கட்டளை வழியாகச் செய்யுங்கள். சேமிக்கும் முன் தொடரமைப்புப் பிழையைப் பார்த்துச் சொல்லும். பல வருடங்களுக்கு முன் நான் அவசரத்தில் சாதாரண எடிட்டரில், சூடோவின் விதிகள் இருக்கும் 'சூடோயர்ஸ்' கோப்பைத் திறந்து, ஒரு காற்புள்ளியை இடம் மாற்றிப் போட்டுச் சேமித்தேன். சூடோ வேலைநிறுத்தம். கோப்பைத் திருத்த ரூட் ஆக வேண்டும். ரூட் ஆக சூடோ வேண்டும். உபுண்டுவில் ரூட் கணக்குக்குக் கடவுச்சொல்லே வைத்திருப்பதில்லை. கடைசியில், பழுது பார்ப்பதற்கான ரெக்கவரி மோடில் கணினியைக் கிளப்பித்தான் அந்தக் காற்புள்ளியை எடுத்தேன்.