டிவிடி டிரைவில் சுற்றுகிறது, ஆனால் கம்ப்யூட்டர் அதிலிருந்து பூட் ஆகவில்லை. எங்கே தவறு?

கேட்டவர் சொல்வது இது: விண்டோஸ் ஐஎஸ்ஓவை (முழு டிஸ்கின் நகலை அடக்கிய ஒரே ஃபைல்) இறக்கி டிவிடியில் எழுதியிருக்கிறார். பூட் வரிசையில் டிவிடி டிரைவை முதலில் வைத்திருக்கிறார். இருந்தும் பழைய விண்டோஸே திறக்கிறது. சில முறை ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்ற வரி மட்டும் வருகிறது.

பயாஸை (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும், பூட் வரிசையை வைக்கும் நிரல்) மறுபடி நோண்டுவதற்கு முன் டிஸ்கைச் சோதியுங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும். வேறு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் கிடந்தால், அதைச் சாதாரண ஃபைலாகக் காப்பி செய்திருக்கிறீர்கள் என்று பொருள். அந்த டிஸ்க் பூட் ஆகாது. பூட், இஎஃப்ஐ, சோர்சஸ் என்று ஃபோல்டர்கள் தெரிந்தாலும் உடனே நிம்மதி அடைய வேண்டாம். ஐஎஸ்ஓவை விரித்து, ஃபோல்டர்களை இழுத்துப் போட்டு எழுதினாலும் டிஸ்க் இப்படியேதான் தெரியும். பூட் ஆக வேண்டிய டிஸ்கில் ‘எல் டொரிட்டோ’ என்ற முறைப்படி ஒரு பூட் பட்டியல் இருக்க வேண்டும். அது ஃபோல்டர்களில் கண்ணுக்குத் தெரியாது, இழுத்துப் போட்டால் கூட வராது. பென் டிரைவில் ஃபைல்களைக் காப்பி செய்தாலே யுஇஎஃப்ஐயில் (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை) பூட் ஆவதைப் பார்த்தவர்கள் டிவிடியிலும் அதையே செய்து ஏமாறுகிறார்கள்.

சரியான வழி: ஐஎஸ்ஓ ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ கொடுங்கள். விண்டோஸ் 7 முதல் இது உள்ளேயே இருக்கிறது. ‘வெரிஃபை’ பெட்டியில் டிக் போட மறக்காதீர்கள். வேகத்தைத் தேர்ந்தெடுக்க இம்ஜ்பர்ன் வசதியானது. பழைய டிரைவுக்கு 4 எக்ஸ் வேகம் வைத்தால் போதும். எழுதுவதற்கு முன், இறக்கிய ஃபைலின் எஸ்ஹெச்ஏ256 எண் (ஃபைல் பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) தளத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். அளவும் முக்கியம்: அட்டையில் 4.7 ஜிபி என்று போட்ட டிவிடி, விண்டோஸ் காட்டும் கணக்கில் ஏறக்குறைய 4.38 ஜிபிதான். இப்போதைய விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ அதில் அடங்காது, 8.5 ஜிபி டபுள் லேயர் டிஸ்க் வேண்டும். ஆர்டபிள்யூ (அழித்து மறுபடி எழுதும்) டிஸ்க்கைத் தவிருங்கள். அதன் பிரதிபலிப்பு குறைவு என்பதால் பழைய டிரைவுகள் படிக்கத் திணறும்.

டிஸ்க் சரி என்றால் அடுத்தது பூட் மெனு. பயாஸில் வரிசையை மாற்றுவதைவிட இதுவே எளிது. டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, எம்எஸ்ஐ போர்டில் எஃப்11. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் அந்தக் கீயை விட்டு விட்டு அழுத்துங்கள். ஒரே டிரைவ் அங்கே இரண்டு முறை தெரியலாம், ஒன்று ‘யுஇஎஃப்ஐ’ என்று தொடங்கும். எதை எடுப்பது என்பது ஹார்ட் டிஸ்கைப் பொறுத்தது. அதன் பார்ட்டிஷன்களைப் பதிந்திருக்கும் முறை ஜிபிடி (புதியது) என்றால் யுஇஎஃப்ஐ, எம்பிஆர் (பழையது) என்றால் மற்றது. மாற்றி எடுத்தாலும் டிஸ்க் பூட் ஆகிவிடும். ஆனால் பார்ட்டிஷன் திரையில் ‘இந்த டிஸ்கில் நிறுவ முடியாது’ என்று நின்றுவிடும். அந்த நேரத்தில் பதறிப்போய் ஹார்ட் டிஸ்கை அழித்துவிடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்து மற்றதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் தரவு பத்திரமாக இருக்கும். விண்டோஸ் 7 என்றால் பயாஸில் செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) அணைக்க வேண்டும். அதுவும் 32 பிட் என்றால் சிஎஸ்எம் அல்லது லெகசி எனப்படும் பழைய பயாஸ் முறை கட்டாயம். மெனுவில் டிரைவே தெரியவில்லையென்றால் ஃபாஸ்ட் பூட்டை (சில சோதனைகளைத் தாண்டி வேகமாகத் தொடங்கும் பயாஸ் வசதி) அணைத்துப் பாருங்கள்.

‘பிரஸ் எனி கீ டு பூட் ஃப்ரம் சிடி ஆர் டிவிடி’ என்ற வரி ஐந்து விநாடி அளவுக்குத்தான் நிற்கும். அதற்குள் கீ அழுத்தவில்லையென்றால் பழைய விண்டோஸ்தான் திறக்கும். வயர்லெஸ் கீபோர்டு அந்தக் கட்டத்தில் வேலை செய்யாமல் போகலாம், கம்பி கீபோர்டை மாட்டுங்கள்.

இனி டிரைவ். டிரே திறந்து மூடுவது பவர் வருகிறது என்பதை மட்டுமே காட்டும். பயாஸில் பெயர் வரவில்லையென்றால் மெல்லிய சாட்டா டேட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், அல்லது வேறு கேபிள் போடுங்கள். பாட்டு சிடி ஓடுகிறதே என்று டிரைவை நம்பிவிடாதீர்கள்: சிடிக்கும் டிவிடிக்கும் வேறு வேறு லேசர், ஒன்று கெட்டு மற்றது ஓடும். கடையில் வாங்கிய அசல் டிவிடி ஒன்றைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவும் படிக்கவில்லையென்றால், லேப்டாப் டிரைவில் டிரேயிலேயே இருக்கும் லென்ஸை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் அழுத்தாமல் துடைத்துப் பாருங்கள்.

யுஎஸ்பி வழியாக மாட்டும் டிரைவ் என்றால் ஹப்பில் மாட்டாமல் நேராக கம்ப்யூட்டரிலேயே மாட்டுங்கள். விண்டோஸ் 7 நிறுவும்போது நீல நிற யுஎஸ்பி 3 துளையைத் தவிர்த்து யுஎஸ்பி 2 துளையில் போடுங்கள். அந்த செட்டப்பில் யுஎஸ்பி 3 டிரைவர் கிடையாது, பூட் ஆன பிறகு ‘சிடி டிவிடி டிரைவர் இல்லை’ என்று பாதியில் நிற்கும்.

வைத்த பூட் வரிசை ஒவ்வொரு முறையும் பழையபடி மாறி, கடிகாரமும் பின்னால் போகிறது என்றால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். அது 3 வோல்ட், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மாற்றும் முன் பவர் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். மாற்றிய பின் தேதியையும், சாட்டா மோடு (ஹார்ட் டிஸ்கோடு பேசும் முறைக்கான பயாஸ் அமைப்பு) முன்பு ஏஹெச்சிஐயில் இருந்திருந்தால் அதையும் மறுபடி வைக்க வேண்டும்.