நிலத்தை அடகு வைக்காதீர்கள், பெண்ணை வேதியியல் படிக்க விடுங்கள்

அண்ணா, போன சனிக்கிழமை திண்டிவனம் பக்கத்திலிருந்து நீங்களும் அண்ணியும் மகளின் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு அவளோடு வந்திருந்தீர்கள். கூடவே மகளின் தாய்மாமா. அன்று அவர் இருந்ததால் சிலதைப் பட்டென்று சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். உங்கள் சம்மதத்தோடு பொதுவிலும் போடுகிறேன். இதே கவலையோடு இந்த மாதம் இன்னும் எத்தனையோ பேர் வருகிறார்கள்.

நீங்கள் சொன்ன கணக்கு இதுதான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் 'ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்'. நான்கு வருஷத்துக்கு ஹாஸ்டலும் சேர்த்து பன்னிரண்டு லட்சம். அதற்கு ஏரிக்கரை ஓரத்து ஒன்றரை ஏக்கரை வங்கியில் வைக்க வேண்டும். "எல்லாரும் இதத்தான் படிக்கிறாங்க, நம்ம பொண்ணு மட்டும் ஆர்ட்ஸ் காலேஜுக்குப் போனா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்று மாமா கேட்டார். பயப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று அன்று சொல்லி அனுப்பினேன். இப்போது வெளிப்படையாகச் சொல்கிறேன்: அந்த சீட்டை வாங்காதீர்கள்.

ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதில் உங்கள் மகள் தானாக வாய் திறந்தது ஒரே ஒருமுறை. மல்லாட்டைப் பருப்பு, அதாவது நிலக்கடலை, லோடு ஒன்று ஏற்றுமதிக்காரரிடமிருந்து திரும்பி வந்த கதையைச் சொன்னீர்களே, அப்போதுதான். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அதிகம் என்று ரிப்போர்ட் வந்தது, அதே லோடில் வேறு மூட்டையைப் பிரித்து நீங்களே சோதனைக்குக் கொடுத்தபோது பாஸ் ஆனது, லேப்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று கோபப்பட்டீர்கள். அவள் உடனே, "அப்பா, லேப் தப்பில்லாம கூட ரெண்டு ரிப்போர்ட் வரலாம் இல்லையா? எந்த மூட்டையில எத்தன எடத்துல எடுத்தாங்க?" என்றாள்.

நீங்கள் அதைக் கவனிக்காமல் கட்-ஆஃப் பேச்சுக்குப் போய்விட்டீர்கள். எனக்கு மேலே பேச்சு ஓடவில்லை. உணவுப் பகுப்பாய்வில் இருப்பவர்கள் முதலில் கேட்கிற கேள்வி அது. ப்ளஸ் டூ முடித்த பெண் சொல்லிக்கொடுக்காமல் கேட்கிறாள்.

அவள் சொன்னதுதான் சரி. அஃப்ளாடாக்சின் நாம் கலக்கிற பொருள் இல்லை, பூஞ்சை உண்டாக்குகிற நஞ்சு. கடைசிக் கட்டத்தில் மழை பொய்த்துக் காய் வெடித்தாலோ, அறுவடைக்கு அப்புறம் சரியாகக் காயாமல் மூட்டை கட்டினாலோ அந்தப் பூஞ்சை உள்ளே போய்விடும். ஆனால் எல்லாப் பருப்பிலும் போகாது. ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்றிரண்டு கெட்டிருக்கும். மோசமாகக் கெட்ட ஒரே பருப்பு பல கிலோவை வரம்புக்கு மேல் தள்ளிவிடும். ஒரு கைப்பிடியில் அது வந்தால் ஃபெயில், வராவிட்டால் பாஸ். அதனால்தான் ஐரோப்பிய விதிப்படி, கடலை லோடின் பல இடங்களிலிருந்து எடுத்துச் சேர்த்த மாதிரி 20 கிலோ வரை போகும். அதை மொத்தமாக அரைத்துக் கலந்த பிறகுதான் சோதனை.

வரம்பு எவ்வளவு தெரியுமா? மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் கடலைக்கு நம் நாட்டில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அப்படியே சாப்பிடுகிற கடலைக்கு 10. பத்து டன் லாரி நூறு வரிசையாக நின்றால் அத்தனை பருப்பிலும் சேர்த்து 15 கிராம்தான் இருக்கலாம். அப்படியே சாப்பிடுகிற கடலைக்கு ஐரோப்பா வைத்திருப்பது 4. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த நஞ்சை முதல் பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களோடு வைத்திருக்கிறது. வறுத்தாலும் முழுசாகப் போகாது. கெட்ட கடலையின் புண்ணாக்கை மாடு தின்றால் பாலில் வேறு வடிவத்தில் வந்து நிற்கும். அதனால் பாலுக்கும் தனி வரம்பு உண்டு: இங்கே கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் 0.05.

இது கண்டுபிடிக்கப்பட்டதும் கடலையால்தான். 1960-ல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. புற ஊதா விளக்கடியில் வைத்தால் இந்த நஞ்சு ஒளிரும். நீலமாக ஒளிர்வதற்கு 'பி' என்றும் பச்சையாக ஒளிர்வதற்கு 'ஜி' என்றும் ஆங்கில நிறப் பெயர்களின் முதல் எழுத்தையே வைத்தார்கள். உங்களுக்கு வந்த ரிப்போர்ட்டில் 'பி1' என்று இருந்திருக்குமே, அந்த 'பி' இதுதான்.

சரி, வேலை எப்படி இருக்கும்? மாமா, "லேப்ல கண்ணாடிக் குழாய் கழுவுற வேலைக்கு அஞ்சு வருஷப் படிப்பா?" என்றார். ஒரு நாள் வேலையைச் சொல்கிறேன். காலையில் கடலை மாதிரி வருகிறது. முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்கிறார்கள். அரைத்து, மெத்தனால் கலந்த நீரில் நஞ்சைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்தச் சாறு விரல் நீளக் குழாய் ஒன்றின் வழியே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. உள்ளே அஃப்ளாடாக்சினை மட்டும் பிடித்துவைக்கிற எதிர்ப்புரதம் பூசியிருக்கும். மற்றதெல்லாம் கழுவிப் போய்விடும். கடைசியில் தூய மெத்தனால் ஊற்றினால் பிடிபட்டது விட்டு வெளியே வரும். அதை, கலந்திருப்பதைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கிற ஹெச்.பி.எல்.சி. கருவியில் செலுத்தினால் திரையில் கோடு மேலே ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றத்தின் பரப்பளவுதான் அளவு. அத்தோடு முடிவதில்லை. தெரிந்த அளவு நஞ்சை நாமே கலந்த மாதிரியையும் கூடவே ஓட்டி, போட்டதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும். அது சரியாக வராவிட்டால் அன்றைய வேலை முழுவதும் செல்லாது, மறுபடி முதலிலிருந்து. பொறுமையும் நேர்மையும் இல்லாதவர்களால் இந்த வேலை செய்ய முடியாது. உங்கள் மகளிடம் இரண்டும் இருக்கிறது.

அந்தக் காகிதத்தில் போடுகிற கையெழுத்துக்குச் சட்டத்தில் எடை உண்டு. 1954-ன் கலப்படத் தடைச் சட்டத்தை மாற்றி வந்தது 2006-ன் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம். 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிகாரி கடையில் மாதிரி எடுத்தால் நான்கு பங்காகப் பிரித்து முத்திரை வைக்க வேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். அவர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். மற்ற பங்குகள் எதற்கு என்றால், அந்த அறிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வியாபாரிக்கு உரிமை இருக்கிறது. உங்களை மாதிரி ஒரு வியாபாரிக்கு அநியாயம் நடக்காமலும், கடலை மிட்டாய் வாங்குகிற குழந்தைக்குக் கெடுதல் வராமலும் ஒரே ஆள் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் தடை செய்யப்பட்டதே, ரோடமைன்-பி என்ற துணிச்சாயம் அதில் இருக்கிறது என்று அரசு ஆய்வகம் கண்டு சொன்னதால்தான்.

இன்னொன்றையும் மாமாவிடம் சொல்லுங்கள். வங்கதேசத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரிவதற்காக ஈயம் கலந்த மஞ்சள் சாயமான ஈயக் குரோமேட்டைப் பூசிக்கொண்டிருந்தார்கள். கர்ப்பிணிப் பெண்களின் ரத்தத்தில் இருந்த ஈயம் மஞ்சளிலிருந்து வந்தது என்பதை ஈயத்தின் ஐசோடோப்புகளை, அதாவது எடை மட்டும் வேறுபடுகிற ஈய அணு வகைகளை, அளந்து நிரூபித்தது வேதியியல்தான். அதன் பிறகு அரசு சந்தைகளில் இறங்கியது. 2019-ல் சோதித்த மஞ்சளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது, 2021-ல் ஒன்றில்கூட இல்லை. ஒரு நாட்டுக் குழந்தைகளின் மூளையைக் காப்பாற்றிய வேலை இது. இதைக் குழாய் கழுவுகிற வேலை என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது.

இனி படிப்பு. பொறியியல் கவுன்சலிங், நீட் இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். உங்கள் மகளுக்கு பி.எஸ்சி. வேதியியல் போதும், அதுவும் அரசு கலைக் கல்லூரியில். ஆண்டுக்குச் சில ஆயிரத்தில் முடியும், வீட்டிலிருந்தே போய்வரலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கே வரும். கேட்க நன்றாக இருக்கிறது என்று புதுசு புதுசாகப் பெயர் வைத்த பட்டங்களில் சேர்த்துவிடாதீர்கள். உணவுப் பகுப்பாய்வாளர் தகுதிக்கு எந்தெந்தப் பட்டங்கள் செல்லும் என்று விதியில் பட்டியலே இருக்கிறது. வேதியியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உணவுத் தொழில்நுட்பம் முதுகலை அதில் நேராக வரும்.

முதுகலைக்கு ஜாம் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. வேதியியல் கிடைக்கும். புதுவைப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கம்தான், அதற்கு சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மைசூருவில் இருக்கிற மத்திய உணவு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில் உணவுத் தொழில்நுட்பம் இருக்கிறது. முடித்ததும், ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கிற தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் வேலைக்குச் சேர வேண்டும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர்ந்து வருஷத்தை வீணாக்க வேண்டாம். உணவுச் சோதனையில் மூன்று வருஷ அனுபவம் ஆனதும், மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்துகிற பகுப்பாய்வாளர் தேர்வு. அதில் செய்முறையும் உண்டு. தமிழ்நாட்டில் கிண்டி, சேலம், கோவை, மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை என ஆறு ஊர்களில் அரசு உணவுப் பகுப்பாய்வு ஆய்வகங்கள் இருக்கின்றன. நறுமணப் பொருள் வாரியத்துக்குச் சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஆய்வகம் இருக்கிறது. அப்புறம் இறால், முந்திரி, மசாலா ஏற்றுமதி செய்கிற ஒவ்வொருவருக்கும் இந்த ஆள் தேவை.

மறைக்காமல் சொல்கிறேன், மொத்தம் எட்டு வருஷம். தனியார் ஆய்வகத்தில் முதல் இரண்டு வருஷச் சம்பளம் பெரிய கணினி நிறுவனங்கள் கொடுப்பதைவிடக் குறைவாக இருக்கும். அரசுப் பணியிடம் எப்போது அறிவிப்பார்கள் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் எட்டு வருஷமும் கடன் இல்லாமல் போகும். அந்தப் பக்கம், கணக்கு பிடிக்காத பெண் நான்கு வருஷம் கணக்கோடு மல்லுக்கட்டி, அரியரோடு வெளியே வந்தால், வட்டியைக் கட்டப்போவது யார்? மாமா கட்ட மாட்டார். ஏரிக்கரை நிலம் உங்கள் வீட்டுச் சாப்பாடு. அதை ஊர்ப்பேச்சுக்காக வைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வரும் வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றீர்கள். கட்டாதீர்கள். கட்டிவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அரசு கலைக் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து முதல் விருப்பமாக வேதியியலைப் போடுங்கள். மாமா கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

அப்புறம், அடுத்த முறை வரும்போது திரும்பி வந்த லோடின் இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்து வாருங்கள். மாதிரி எடை, எடுத்த தேதி, சோதித்த முறை எல்லாம் அதில் போட்டிருக்கும். அதை உங்களுக்கு வாசித்துச் சொல்ல வேண்டியது நான் இல்லை, அவள்.